நரிக்குறவர் பற்றிய பொதுப் பேச்சும் சமூக ஆதரவும்

நரிக்குறவர் பற்றிய பொதுப் பேச்சு என்பது தமிழ்நாட்டில் வாழும் நரிக்குறவர் சமூகத்தினரைக் குறித்துப் பிறர் வழங்கும் பெயர்கள், வசைச் சொற்கள், கதைகள், திரைப்படக் காட்சிகள், செய்திகள், அரசு ஆவணங்களில் உள்ள வகைப்பாடுகள் ஆகியவற்றை ஒருசேரக் குறிக்கும். நலிந்த நிலையில் உள்ள ஒரு சமூகத்துக்கு எத்தகைய உதவி, யாரால், எந்த அலுவலகத்தின் வழியாகக் கிடைக்கிறது என்பதை அதன் தேவை மட்டுமே முடிவு செய்வதில்லை. அச்சமூகம் எவ்வாறு பேசப்படுகிறது என்பதும் முடிவு செய்கிறது. இதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் நரிக்குறவர் நிலை ஒன்றாகும்.

சென்னையின் மேற்குப் புறநகரில், பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாகச் செல்லும் சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் ஆவடி அமைந்துள்ளது. இங்குள்ள நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த பள்ளி மாணவியர் 2022ஆம் ஆண்டில் தங்கள் நிலையைத் தாங்களே பேசியது மாநில அளவில் கவனம் பெற்றது. அதன் பின் நிகழ்ந்தவற்றையும், அதற்கு முன் நூறாண்டுகளுக்கு மேலாக இம்மக்கள் பேசப்பட்ட விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்துரு

அரசின் கொள்கைகள் யாரை நோக்கி வகுக்கப்படுகின்றனவோ அம்மக்களைப் பற்றிய சமூகப் படிமம் கொள்கையின் வடிவத்தையே மாற்றுகிறது என்ற கருத்தை அமெரிக்க அரசறிவியலாளர்களான ஆன் ஷ்னைடர், ஹெலன் இங்க்ரம் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தனர். செல்வாக்கும் நற்பெயரும் உள்ளவர்கள், செல்வாக்கு இருந்தும் நற்பெயர் இல்லாதவர்கள், நற்பெயர் இருந்தும் செல்வாக்கு இல்லாதவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என மக்கட் பிரிவுகளை அவர்கள் நான்காக வகுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு இரக்கத்தின் பெயரால் சிறு உதவிகள் கிடைக்கும். நான்காம் பிரிவினருக்குப் பெரும்பாலும் கண்காணிப்பும் தண்டனையுமே கிடைக்கும்.

இவ்வகைப்பாட்டின்படி நோக்கினால், நரிக்குறவர் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு மெல்ல நகர்த்தப்பட்டவர்கள் எனலாம். இம்மாற்றத்தில் தேவையின் அளவு பெரிதாக மாறவில்லை; மாறியது பெரும்பாலும் பேச்சே.

பெயர்கள்

இச்சமூகத்தினர் தம்மை வாக்ரி என்று அழைத்துக்கொள்கின்றனர். இவர்களது தாய்மொழியான வாக்ரிபோலி இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்குத் தனி எழுத்து வடிவம் இல்லை. வெளியாருடன் தமிழிலும், செல்லும் இடங்களுக்கு ஏற்பப் பிற மொழிகளிலும் பேசுவர். எருமை பலியிடுவோர், ஆடு பலியிடுவோர் என இவர்களுக்குள் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. கர்நாடகத்தில் இவர்களோடு தொடர்புடையவர்கள் அக்கிப்பிக்கி எனப்படுகின்றனர்.

நரிக்குறவர் என்பது தமிழர் இட்ட பெயர். நரியைப் பிடிப்பதாலும், நரிக்கொம்பு எனப்படும் பொருளை நற்பேறு தருவதாகச் சொல்லி விற்றதாலும் இப்பெயர் வந்தது. குருவிகளைப் பிடிப்பதால் குருவிக்காரர் என்ற பெயரும் உண்டு. (நரிக்குக் கொம்பு கிடையாது என்பதை வாங்குபவர்களும் அறிந்தே இருந்தனர். எனினும் ஏமாற்றுபவர் என்ற பெயர் விற்றவரோடு மட்டும் நின்றுவிட்டது.)

இப்பெயரில் உள்ள 'குறவர்' என்னும் பகுதி நீண்டகாலக் குழப்பத்துக்குக் காரணமாகியது. குறவர் என்போர் சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்து மக்களாகக் காட்டப்படும் தமிழ்ப் பழங்குடியினர். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி முதலிய சிற்றிலக்கியங்களில் வரும் குறத்தியும் இவர்களைச் சேர்ந்தவளே. மொழியாலும் வழக்கங்களாலும் வாக்ரி மக்களுக்கும் குறவருக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஊர்ப் பேச்சில் இருவரும் ஒருவராகவே கருதப்பட்டனர். ஒருவர் மீதான பழி மற்றவர் மீதும் விழுந்தது. பின்னாளில் ஒருவருக்கான உரிமை மற்றவருக்குப் போய்விடுமோ என்ற அச்சமும் எழுந்தது.

குற்றப் பழங்குடியினரும் சீர்மரபினரும்

பிரித்தானிய இந்திய அரசு 1871இல் குற்றப் பழங்குடியினர் சட்டத்தை இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது கைரேகைச் சட்டம் என்றும் அறியப்படுகிறது. இச்சட்டத்தின்கீழ் ஒரு சாதி முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் என அறிவிக்க இயன்றது. குறவர் பிரிவுகள் பல இவ்வாறு அறிவிக்கப்பட்டன. ஓரிடத்தில் தங்காமல் அலைபவர்கள் எவராயினும் ஐயத்துக்குரியவர்கள் என்ற எண்ணம் இதனால் காவல்துறை நடைமுறையிலும் ஊர் மக்கள் மனத்திலும் வேரூன்றியது.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. அதில் அறிவிக்கப்பட்டிருந்தோர் தமிழில் 'சீர்மரபினர்' எனப்பட்டனர். குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்டிருந்த இடத்தில் சீர் என்ற சொல்லை வைத்தது எண்ணிச் செய்யப்பட்ட மொழிச் செயலாகவே தோன்றுகிறது. ஆயினும் பெயர் சார்ந்த சிக்கல் அத்துடன் தீரவில்லை. 1979ஆம் ஆண்டு அரசாணை ஒன்றால் இவர்கள் சீர்மரபுப் 'பழங்குடியினர்' என்பதற்கு மாறாகச் சீர்மரபுச் 'சமூகங்கள்' எனக் குறிக்கப்பட்டனர். ஒரு சொல் மாறியதால் மத்திய அரசின் உதவிகளைப் பெறுவதில் தடை ஏற்பட்டதாக இப்பிரிவினர் பல ஆண்டுகள் போராடினர். 2019இல் மாநிலத் தேவைகளுக்கு ஒரு பெயரும் மத்திய அரசின் தேவைகளுக்கு மற்றொரு பெயருமாகச் சான்றிதழ் வழங்க ஆணையிடப்பட்டது.

வேட்டையே வாழ்வாக இருந்த நரிக்குறவருக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு திருப்பமாக அமைந்தது. அதுவரை வயல்களில் நரி, கொக்கு, காட்டுப்பூனை முதலியவற்றைப் பிடித்து உழவருக்கு உதவியாகவும் இருந்தவர்கள், சட்டத்தின் பார்வையில் குற்றம் புரிபவர்கள் ஆயினர். வேட்டைக்கு ஈடான வேறு தொழில் எதுவும் அச்சட்டத்துடன் வரவில்லை. பாசிமணி, ஊசிமணி கோத்துப் பேருந்து நிலையங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் விற்பதே பெரும்பாலோரின் வாழ்வாதாரம் ஆயிற்று.

அன்றாடப் பேச்சும் திரைப்படமும்

அழுக்கு, பரட்டைத் தலை, கூச்சல் ஆகியவற்றுக்கு உவமையாக இச்சமூகத்தின் பெயரைச் சொல்வது தமிழ்ப் பேச்சு வழக்கில் இயல்பாகக் கருதப்பட்டு வந்தது. உண்ணாத குழந்தையை அச்சுறுத்தவும் இப்பெயர் பயன்பட்டது. இத்தகைய பேச்சை வீட்டில் கேட்டு வளரும் குழந்தையின் வகுப்பில் நரிக்குறவர் குழந்தை ஒன்று வந்து அமரும்போது என்ன நேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பள்ளியிலிருந்து இடையில் நிற்போரைப் பற்றிய விளக்கங்களில் பெற்றோரின் அலைந்து திரியும் தொழிலே முதன்மைக் காரணமாகக் கூறப்படுவது வழக்கம். வகுப்பறையில் நேரும் ஒதுக்கல் அவ்விளக்கங்களில் அரிதாகவே இடம்பெற்றது.

தமிழ்த் திரைப்படங்களில் நரிக்குறவர் பெரும்பாலும் நகைச்சுவைக்காகவோ வண்ணமயமான நடனத்துக்காகவோ காட்டப்பட்டனர். ஒளிவிளக்கு (1968) திரைப்படத்தில் எம். ஜி. ஆரும் ஜெயலலிதாவும் இவ்வேடத்தில் ஆடும் காட்சி புகழ்பெற்றது. அது இழிவு செய்யும் நோக்கில் அமைந்த காட்சியன்று, மகிழ்ச்சியானது. ஆனால், கவலையற்ற நாடோடிகள் என்ற படிமத்துக்கும் ஒரு விளைவு உண்டு. வீடு வேண்டாதவர்கள், நாளையைப் பற்றி எண்ணாதவர்கள் என்று நம்பப்படுவோருக்கு வீட்டுமனைப் பட்டா தர வேண்டும் என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை. அக்காட்சியில் ஆடிய இருவருமே பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சர்கள் ஆயினர். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்குமாறு மத்திய அரசை வலியுறுத்தியவர்களுள் ஜெயலலிதாவும் ஒருவர்.

பேச்சின் தீங்கு உயிருக்கே ஆபத்தாக மாறுவதும் உண்டு. 2018 மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் பற்றிய பொய்ச் செய்திகள் வாட்சப் வழியாகத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பரவின. ஆவடி அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் ஒருவரும், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவரும் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டனர். இவர்கள் நரிக்குறவர் அல்லர். அயலார், அலைபவர் என்ற தோற்றமே போதுமானதாக இருந்தது. ஊர் ஊராகச் சென்று விற்று வாழ்வோருக்கு இத்தகைய வதந்தி எத்தகைய அச்சத்தைத் தரும் என்பது கருதத்தக்கது.

ஆவணமும் உதவியும்

தமிழ்நாட்டில் நலத்திட்ட உதவிகள் பெரும்பாலும் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், பட்டா ஆகிய ஆவணங்களைச் சார்ந்தவை. இவற்றுள் ஒன்றைப் பெற மற்றொன்று கேட்கப்படும். நிலையான முகவரி இல்லாத குடும்பம் இச்சங்கிலியின் முதல் கண்ணியிலேயே நின்றுவிடுகிறது. 2020ஆம் ஆண்டுக் கொரோனா ஊரடங்கின்போது மாநில அரசு குடும்ப அட்டை ஒன்றுக்கு 1000 ரூபாய் வழங்கியது. திருவிழாக்களும் பேருந்துகளும் நின்றுபோனதால் மணி விற்போரின் வருவாய் முற்றிலும் நின்ற காலம் அது. அட்டை இல்லாத குடும்பத்துக்கு அத்தொகை சென்று சேர வழியில்லை.

'அவர்கள் ஓரிடத்தில் தங்கமாட்டார்கள்' என்ற பொதுக் கருத்து இங்கு ஒரு நிருவாகக் காரணமாகவே மாறிவிடுகிறது. ஆவடி போன்ற இடங்களில் குடியிருப்புகள் அமைந்து பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் நிலையிலும் இக்கருத்து மறையவில்லை.

2008இல் தமிழ்நாடு அரசு நரிக்குறவர் நல வாரியத்தை அமைத்தது. வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குக் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து ஆகியவற்றுக்கான உதவித்தொகைகள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் திருநங்கையர் நல வாரியமும் அமைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. இழிசொற்களுக்கு மாற்றாகத் திருநங்கை என்ற சொல் அரசு வழக்கிலும் ஊடகங்களிலும் நிலைபெற்றதைப் போன்ற மாற்றம் நரிக்குறவர் விடயத்தில் நிகழவில்லை. அவர்கள் தமக்கு வழங்கும் வாக்ரி என்ற பெயர் இன்றளவும் பொதுவழக்கில் இடம்பெறவில்லை.

மாமல்லபுரமும் ஆவடியும்

2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலின் அன்னதானத்தில் தம்மை அமர விடவில்லை என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய நிகழ்படம் விரைவாகப் பரவியது. சில நாட்களில் இந்து சமய அறநிலையத்துறை அமைச்சர் பி. கே. சேகர்பாபு அதே கோயிலில் அவருடன் அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4, தீபாவளி நாளன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கு நேரில் சென்று, அங்குள்ள நரிக்குறவர், இருளர் மக்கள் 282 பேருக்குப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை முதலிய உதவிகளை வழங்கினார்.

2022 மார்ச்சில் ஆவடி நரிக்குறவர் குடியிருப்பு மாணவியர் தங்கள் பகுதியின் அடிப்படை வசதிக் குறைகளையும், பள்ளியிலும் வெளியிலும் தாங்கள் நடத்தப்படும் விதத்தையும் பற்றிப் பேசிய நிகழ்படம் இவ்வாறே பரவியது. முதலமைச்சர் அவர்களைத் தலைமைச் செயலகத்துக்கு அழைத்துப் பேசினார். ஏப்ரல் 15 அன்று அவர்களது குடியிருப்புக்குச் சென்று மாணவி ஒருவரின் வீட்டில் உணவருந்தினார்.

இவ்விரு நிகழ்வுகளிலும் பொதுவான கூறுகள் உள்ளன. முதலாவது, பேசியவர்கள் சமூகத்தின் உள்ளிருந்தே பேசினர். அவர்களுக்காகப் பிறர் பேசவில்லை. இரண்டாவது, அவர்கள் கேட்டது இரக்கமன்று. முதல் நிகழ்வில் கேட்கப்பட்டது பொதுப் பந்தியில் இடம். இரண்டாவதில் சாலை, குடிநீர், மதிப்பு. மூன்றாவது, உடனிருந்து உண்ணுதல் என்ற செயல். தீண்டாமை பெரிதும் உணவின் வழியாகவே கடைப்பிடிக்கப்பட்ட நாட்டில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. அதனால்தான் பட்டா வழங்கிய செய்தியைவிட உணவருந்திய படங்களே பரவலாகப் பகிரப்பட்டன.

இவ்வழியின் குறையும் இங்கேயே தெரிகிறது. பல ஆண்டுகளாக வட்டாட்சியர் அலுவலகத்தில் நகராத மனுக்கள் சில நாட்களில் நகர்ந்தன எனில், சட்டமோ நிதியோ தடையாக இருக்கவில்லை என்றே பொருள். நிகழ்படம் எடுக்கப்படாத குடியிருப்பின் மனுக்கள் முன்பிருந்த இடத்திலேயே இருக்கும். மேலும், கவனம் பெற்ற ஒரு பெண்ணோ மாணவியோ தம் சமூகம் முழுவதற்கும் பேராளராக ஆக்கப்படுகிறார். அவரது ஒவ்வொரு சொல்லும் நன்றி உள்ளதா இல்லையா என்று அளக்கப்படுகிறது. பிற குடிமக்கள் பட்டா பெறும்போது இவ்வாறு அளக்கப்படுவதில்லை.

பழங்குடியினர் பட்டியல்

நரிக்குறவர் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தனர். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என 1965ஆம் ஆண்டு லோகூர் குழு பரிந்துரைத்தது. 2016இல் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தும், நாடாளுமன்றத்தில் அறிமுகமான சட்ட முன்வரைவு நிறைவேறவில்லை. 2022 மார்ச்சில் மு. க. ஸ்டாலின் இது குறித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்று, டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் முன்வரைவு நிறைவேறியது. பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையே 57 ஆண்டுகள் கடந்திருந்தன.

பழங்குடியினரை இனங்காண லோகூர் குழு வகுத்த அளவுகோல்கள் ஐந்து: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் ஒதுக்கம், பிற மக்களுடன் பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை. நாள்தோறும் பேருந்து நிலையத்தில் நூற்றுக்கணக்கானோரிடம் பேசி மணி விற்கும் மக்களை 'பழகுவதில் கூச்சம்' என்ற அளவுகோலில் எவ்வாறு பொருத்துவது என்பது விந்தையான வினா. விலகி நின்றவர்கள் நரிக்குறவரா, மற்றவர்களா என்பதை அந்த அளவுகோல் கேட்பதில்லை. உதவி பெற வேண்டுமெனில் ஒரு சமூகம் தன்னைத் தொன்மையானதாகவும் பின்தங்கியதாகவும் விவரித்துக்கொள்ள வேண்டியுள்ளது. அதே விவரிப்பே வகுப்பறையில் அதன் பிள்ளைகளுக்கு எதிராகவும் நிற்கிறது.

பட்டியல் மாற்றத்தின் நடைமுறை விளைவுகள் பல. தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கான இடஒதுக்கீடு 20 விழுக்காடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. பெரிய ஒதுக்கீட்டில் வலிய சாதிகளோடு போட்டியிட்டவர்கள் சிறிய ஒதுக்கீட்டுக்குள் வந்துள்ளனர். சான்றிதழ் வழங்கும் அலுவலரும் மாறுகிறார்: பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவித்தொகைகளும் வேலைவாய்ப்பு ஒதுக்கீடும் திறந்தன. இவற்றோடு, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது.

கடைசியாகச் சொல்லப்பட்டது விரைவிலேயே பயன்பட்டது. 2023 மார்ச் 30 அன்று, பாடிக்கு அருகில் உள்ள கோயம்பேட்டில் ஒரு திரையரங்கில் நுழைவுச் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினர் முதலில் உள்ளே விடப்படவில்லை. நிகழ்படம் பரவிக் கண்டனம் எழுந்தபின் அனுமதிக்கப்பட்டனர். குழந்தைகள் உடன் இருந்ததும் படத்தின் தணிக்கைச் சான்றிதழுமே காரணம் எனத் திரையரங்குத் தரப்பில் கூறப்பட்டது. எனினும் அவ்வகைச் சான்றிதழ் பெற்ற படத்தைப் பெற்றோருடன் குழந்தைகள் பார்க்கத் தடையில்லை. ஊழியர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்பட்டது. சில மாதங்களுக்கு முன்னர் இதே நிகழ்வு நடந்திருந்தால் அச்சட்டம் பொருந்தியிராது.

குறவர் அமைப்புகளின் எதிர்ப்பு

நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது குறவர் அமைப்புகள் பெயரை ஒட்டி எதிர்ப்புத் தெரிவித்தன. வாக்ரி மக்களுக்கு உரிமை வழங்குவதைத் தாங்கள் எதிர்க்கவில்லை என்றும், 'குறவர்' என்ற பெயருடன் வழங்குவதையே எதிர்ப்பதாகவும் அவை கூறின. தமிழர் கவனக்குறைவாக இட்ட ஒரு பெயர் இரு நலிந்த சமூகங்களை எதிரெதிரே நிறுத்தியுள்ளது.

இதை ஒட்டிய மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. திருவிழா மேடைகளில் ஆபாச அசைவுகளுடன் நிகழ்த்தப்பட்ட குறவன் குறத்தி ஆட்டம் தங்களை இழிவுபடுத்துகிறது எனக் குறவர் சமூகத்தினர் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023 சனவரியில் இவ்வாட்டத்துக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு மார்ச்சில் நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து தமிழ்நாடு அரசு இதை நீக்கியது.

2021 நவம்பரில் வெளியான ஜெய் பீம் திரைப்படமும் இங்கு நினைவுகூரத் தக்கது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த மரணத்தை அடிப்படையாகக் கொண்ட இப்படம் பாதிக்கப்பட்டவர்களை இருளராகக் காட்டியது. உண்மையில் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தை ஒட்டி இருளர் கல்விக்காக ஒரு கோடி ரூபாய் வழங்கப்பட்டது. இருளர் குடியிருப்புகள் மீது பொதுக் கவனமும் திரும்பியது. வறுமையில் வாழ்ந்த இறந்தவரின் மனைவியின் நிலை, செய்தியாளர்கள் அவரைத் தேடிச் சென்ற பின்னரே பேசப்பட்டது. அதன் பிறகு அவருக்குத் தனியே உதவி வழங்கப்பட்டது. இருளருக்குக் கிடைத்த உதவி தேவையற்றது என இதனால் ஆகாது. கதையில் எப்பெயர் இடம்பெறுகிறதோ அப்பெயரை நோக்கியே உதவி செல்கிறது என்பதற்கு இது சான்று.

பிற நாடுகளில்

ஐரோப்பாவின் ரோமா மக்களின் நிலை இதனோடு பெரிதும் ஒப்பிடத்தக்கது. இந்திய-ஆரிய மொழி பேசும் இவர்கள் பல நூற்றாண்டுகளாக 'ஜிப்சி' என்ற அயற்பெயரால் அறியப்பட்டனர். 1971இல் இலண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு ரோமா என்ற பெயரையே ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் வகுத்த திட்டம் கல்வி, வேலை, மருத்துவம், வீட்டுவசதி ஆகிய நான்கையும் முன்னிறுத்தியது. 2020இல் வகுத்த அடுத்த பத்தாண்டுத் திட்டத்தில் இவற்றுடன் ரோமா மக்கள் மீதான வெறுப்பை எதிர்ப்பதும் தனி இலக்காகச் சேர்க்கப்பட்டது.

இலங்கையில் அம்பாறை மாவட்டம் அக்கரைப்பற்றுக்கு அருகிலுள்ள அளிக்கம்பைப் பகுதியில் வாழும், தெலுங்கு மொழி மரபைக் கொண்ட சமூகத்தினரும் தமிழரால் வனக்குறவர் என்றே அழைக்கப்படுகின்றனர். இவர்களுக்கும் தமிழ்நாட்டின் குறவருக்கோ வாக்ரி மக்களுக்கோ மொழித் தொடர்பு இல்லை. அலைந்து வாழ்ந்தவர்கள் என்பதைத் தவிர, இம்மூவரையும் ஒரே பெயரால் அழைப்பதற்கு வேறு காரணம் காணப்படவில்லை.